வாடிக்கையாளர் வீட்டில் இல்லை

இரவு எட்டு மணிக்கு மேல்தான் அந்தக் குறுஞ்செய்தி வரும்: ‘டெலிவரிக்கு முயன்றோம், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.’ காலையிலிருந்து வாசல் கதவு திறந்தே கிடந்திருக்கும். போனில் ஓர் அழைப்பும் வந்திருக்காது. தெருமுனை டீக்கடையில் கேட்டால், கொரியர் வண்டி எதுவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பார்கள். வலங்கைமான் பக்கம், திருத்துறைப்பூண்டி பக்கம், கொள்ளிடக் கரையோரம் என்று டெல்டாவில் எங்கே இருந்துகொண்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும், இந்தச் செய்தி ஒருமுறையாவது வந்துவிடும்.

கோபம் வருவது நியாயம். ஆனால் அந்த வரியை எழுதியது யார், எந்த நேரத்தில், எதற்காக என்று தெரிந்தால்தான் மறுநாள் பார்சலைக் கைக்குக் கொண்டுவரும் வழி புலப்படும்.

கொரியர் கிளையில் காலையில் லோடு இறங்கும். ஒவ்வொரு பார்சலையும் ஸ்கேன் செய்து, ரூட் வாரியாகப் பிரித்து, ஒரு ரைடரின் பெயரில் ஏற்றுவார்கள். அந்த நொடியில் உங்களுக்கு ‘அவுட் ஃபார் டெலிவரி’ என்று வரும். பார்சல் அவருடைய பட்டியலில் ஏறிவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். வண்டியில் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாலையில் கணக்கு முடிக்கும்போது பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு பதிவாக வேண்டும். கொடுக்கவில்லையென்றால் ஏன் என்று ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘நேரம் போதவில்லை’, ‘வண்டி பஞ்சர்’ என்று பதிந்தால் தவறு கிளையின் கணக்கில் விழும். ‘வாடிக்கையாளர் இல்லை’, ‘போன் எடுக்கவில்லை’, ‘முகவரி தவறு’, ‘வேறு நாள் கேட்டார்’ என்று பதிந்தால் தவறு உங்கள் கணக்கில் விழும். பொய்ச்செய்தி இரவில் வருவதற்கு இதுதான் காரணம். கணக்கு முடிக்கும் நேரம் அது.

ரைடரின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அவருக்குக் கூலி, கொடுத்து முடித்த பார்சலின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பெட்ரோல் பல இடங்களில் அவர் கைக்காசு. கும்பகோணம் டவுனில் ஒரே தெருவில் பத்து பார்சல் கொடுத்துவிடும் நேரத்தில், பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஆற்றங்கரைக் கிராமத்துக்கு ஒரே ஒரு பார்சலோடு போய்வந்தால் அன்றைய கூலியில் துண்டு விழும். அந்தப் பக்கத்துக்கு இன்னும் இரண்டு சேரட்டும் என்று அவர் நிறுத்தி வைப்பதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, பகை இல்லை. தூரத்துக்கு ஏற்ற கூலியைக் கொடுக்காமல், போகாத ஊருக்குப் போனதாகப் பதிவு போட வைக்கும் நிறுவனங்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிப் பதிந்த காரணம் அன்றிரவே விற்பனையாளரின் திரைக்குப் போகிறது. மறுமுயற்சியா, திருப்பி அனுப்புவதா என்று அவரிடம் கேட்கப்படும். பொதுவாக மூன்று முயற்சி முடிந்தால் பார்சல் தானாகவே திரும்பும் பாதையில் ஏறிவிடும். கொரியர்காரர்கள் இதை ஆர்.டி.ஓ. (ரிட்டர்ன் டு ஆரிஜின்) என்பார்கள். ஒருமுறை அந்தப் பாதையில் ஏறிவிட்டால் இடையில் நிறுத்துவது மிகக் கடினம். ஆகவே முதல் பொய்ச்செய்தி வந்த இரவே மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். கடையின் செயலியில் ‘யாரும் வரவில்லை, நாளை மறுபடி கொடுங்கள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய போன் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்பனையாளருக்கும் ஒரு வரி எழுதுங்கள். ‘போலி முயற்சி’ (ஃபேக் அட்டெம்ப்ட்) என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். அது அவர்கள் துறையில் புழங்கும் சொல். ரைடரின் அழைப்புப் பதிவையும் அவர் போன் இருந்த இடத்தையும் சரிபார்க்கும் வசதி பல கொரியர்களிடம் உண்டு. நேரத்தோடு புகார் வந்தால்தான் அதை எடுத்துப் பார்ப்பார்கள்.

இந்தப் பொய்யால் அடிபடுவது வாங்குகிறவர் மட்டும் அல்ல. திருபுவனத்தில் பட்டுச்சேலை விற்பவரும் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு விற்பவரும் வெளியூருக்கு அனுப்பிய பொருள் இதே காரணத்தோடு திரும்பி வந்தால், போன கூலி, வந்த கூலி இரண்டையும் சுமக்கிறார்கள். பொருளைப் பெறும்போது பணம் கொடுக்கும் சிஓடி ஆர்டரை ஏற்கச் சிறு விற்பனையாளர்கள் தயங்குவதன் பின்னணி இது.

அவசரம் என்றால் கிளைக்கே போய் வாங்கிக்கொள்ளலாம். முதல்நாள் மாலையே வாடிக்கையாளர் சேவையில் சொல்லி ‘கிளையில் பெற்றுக்கொள்கிறேன்’ என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் உங்கள் பார்சல் ரைடரின் பையில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் லோடு பிரிக்கும் முன்பாகவோ மாலையில் ரைடர்கள் திரும்பிய பிறகோ போவதுதான் சரி. ட்ராக்கிங் எண், அடையாள அட்டை, ஆர்டரில் கொடுத்த சிம் இருக்கும் போன் மூன்றும் கையில் இருக்கட்டும். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

பின்கோடும் மாவட்டமும்

டெல்டாவில் பார்சல் வழிதவறுவதில் பெரும்பங்கு முகவரிக்கு உண்டு. வீட்டுக்காரர் தவறாக எழுதுவதால் மட்டும் அல்ல. நம் ஊர்களின் எல்லை பலமுறை மாறியிருக்கிறது. பின்கோடு மாறவில்லை.

பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது இங்கே இருந்தது ஒரே தஞ்சாவூர் மாவட்டம். 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-ல் திருவாரூர் வந்தது. 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. பின்கோடின் முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிக்கும் வட்டாரத்தைக் குறிக்கின்றன, வருவாய் மாவட்டத்தை அல்ல. 614 என்ற ஒரே தொடக்கத்தின் கீழ் பட்டுக்கோட்டையும் (614601) பாபநாசமும் (614205) தஞ்சாவூர் மாவட்டம், மன்னார்குடியும் (614001) திருத்துறைப்பூண்டியும் (614713) திருவாரூர் மாவட்டம், வேதாரண்யம் (614810) நாகப்பட்டினம் மாவட்டம். குடவாசல் (612601), வலங்கைமான் (612804) இரண்டுக்கும் கும்பகோணத்தின் 612, மாவட்டமோ திருவாரூர். பேரளத்துக்கு மயிலாடுதுறையின் 609. அதுவும் திருவாரூர் மாவட்டம்தான்.

காரைக்கால் இன்னும் சிக்கல். பின்கோடு 609602, அதாவது மயிலாடுதுறை, சீர்காழியோடு சேர்ந்த வரிசை. ஆட்சிப்பகுதியோ புதுச்சேரி. பின்கோடை அடித்ததும் மாநிலத்தைத் தானாக நிரப்பும் செயலி தமிழ்நாடு என்று போட்டுவிட்டால் திருத்துங்கள். அதே நேரம் ‘புதுச்சேரி’ என்பதை மாநிலத்துக்கான கட்டத்தில் மட்டும் விடுங்கள். ஊர்க் கட்டத்திலும் அதையே எழுதினால் பார்சல் புதுச்சேரி நகரத்துக்கே போய், அங்கிருந்து மறுபடி தெற்கே இறங்க வேண்டியிருக்கும்.

செயலி மாவட்டத்தின் பெயரைப் பழையபடி காட்டினால் பதற வேண்டாம். பிரிக்கும் இடத்தில் முதலில் பார்ப்பது பின்கோடைத்தான். மாவட்டப் பெயரைச் சரிசெய்யப் போய்ப் பின்கோடை மாற்றிவிடுவதுதான் ஆபத்து. மயிலாடுதுறை மாவட்டம் ஆயிற்றே என்று பக்கத்து டவுனின் 609001-ஐ எழுதிவிட்டால், உங்கள் கிராமத்தின் பார்சல் வேறு கிளைக்குப் போய் ‘எல்லைக்கு வெளியே’ என்று நிற்கும். உங்கள் பின்கோடு எது என்பதில் சந்தேகம் இருந்தால், உங்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரரைக் கேளுங்கள். கடிதம் எந்த அஞ்சலகத்திலிருந்து பட்டுவாடா ஆகிறதோ அதன் பின்கோடுதான் உங்களுடையது.

பெயர்க் குழப்பம் தனி. ஆங்கிலத்தில் எழுதினால் திருவாரூரும் திருவள்ளூரும் ஓரிரு எழுத்தில்தான் வேறுபடும். முன்னது 610001, பின்னது 602001. பாபநாசம் தஞ்சையிலும் உண்டு, தாமிரபரணிக் கரையிலும் உண்டு. அங்கே பின்கோடு 627-ல் தொடங்கும். புத்தூர், நல்லூர், மேலையூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள். மேலத்திருப்பூந்துருத்தி, கீழத்திருப்பூந்துருத்தி போன்ற இரட்டை ஊர்களில் முன்னொட்டைச் சுருக்கி எழுதினால் பார்சல் எந்த ஊருக்கும் சேராமல் நிற்கும். மாயவரம் என்றும் மயிலாடுதுறை என்றும், ஷியாளி என்றும் சீர்காழி என்றும் இரண்டு தலைமுறையின் பெயர்கள் ஒரே வீட்டில் புழங்குகின்றன. முகவரியில் இன்றைய அரசுப் பெயரை மட்டும் எழுதுங்கள்.

எழுதும் முறைக்கு வருகிறேன். நம் பக்கத்து அஞ்சல் முகவரியில் ஊர்ப்பெயருக்குப் பின் ‘அஞ்சல்’ ஒரு பெயர், ‘வழி’ ஒரு பெயர், ‘வட்டம்’ ஒரு பெயர் என்று நான்கு ஊர்கள் வரிசையாக வரும். தபால்காரருக்கு அது பழகிய ஒழுங்கு. கொரியர் கிளையில் பிரிப்பவருக்கு அப்படி அல்ல. ‘வழி: கொரடாச்சேரி’ என்று பார்த்ததும் பார்சலை கொரடாச்சேரி ரூட்டில் போட்டுவிடுவார். தனியார் கொரியரில் வரும் ஆர்டர்களுக்கு ‘வழி’யை விட்டுவிடலாம். முதல் வரியில் கதவு எண், தெரு. கீழத்தெரு, மேலத்தெரு, வடக்குத் தெரு எல்லா ஊரிலும் இருப்பதால், தெருப்பெயரை ஒட்டியே ஊர்ப்பெயரும் வரட்டும். பட்டாவில் இருக்கும் ‘முதல் சேத்தி’, ‘இரண்டாம் சேத்தி’ போன்றவற்றைத் தவிருங்கள். ரைடருக்கு அவை ஒன்றும் சொல்லாது. பழைய எண், புதிய எண் இரண்டும் இருந்தால், கதவில் எது எழுதியிருக்கிறதோ அதைக் கொடுங்கள்.

அடையாளத்தை இரண்டாம் வரியின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். நீளமான வரிகள் லேபிளில் வெட்டுப்படும்; கடைசியில் எழுதிய அடையாளம்தான் முதலில் போகும். ரைடர் வண்டியில் இருந்தபடியே பார்க்கக்கூடிய பொருளாக அது இருக்க வேண்டும்: மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டி, ரேஷன் கடை, நெல் கொள்முதல் நிலையம், வாய்க்கால் மதகு, பள்ளிக்கூட வாசல். ‘ஐயனார் கோவில் அருகில்’ போதாது. ‘ஐயனார் கோவில் தாண்டி இடப்புறம் இரண்டாவது வீடு, நீல கேட்’ என்றால் ஒரு போன் மிச்சம். சில லேபிள் பிரிண்டர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக விழுவதால் ஆங்கில எழுத்தில் எழுத நேர்ந்தாலும், சொல் தமிழாகவே இருக்கட்டும். மதகு மதகாகவே இருக்கட்டும், அதை மொழிபெயர்த்தால் ஊரில் யாருக்கும் புரியாது.

பிறகு ஆறு. இது டெல்டாவுக்கே உரிய தொல்லை, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, அரசலாறு, ஓடம்போக்கி என்று நம் வரைபடம் முழுக்கக் கிழக்கு மேற்காகக் கோடுகள். வரைபடத்தில் உங்கள் வீட்டுக்கான குறி நூறு மீட்டர் தள்ளி விழுந்தால், டவுனில் அது அடுத்த தெரு. இங்கே அது அக்கரை. ரைடர் தென்கரையில் வந்து நின்று, எதிரே உங்கள் வீட்டைக் கண்ணால் பார்த்தபடி, பாலத்துக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அப்படி நின்றவர்களில் பலர் சுற்றாமல் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே முகவரியில் கரையைக் குறிப்பிடுங்கள்: ‘வெட்டாறு வடகரை’, ‘பாலம் தாண்டி’ என்று. கடையின் செயலியில் இருப்பிடக் குறி வைக்கும்போது வீட்டு வாசலில் நின்று, ஜிபிஎஸ் நிலைத்த பிறகு வையுங்கள். வீட்டுக்குள்ளிருந்து வைத்தால் குறி தள்ளிப்போக வாய்ப்பு அதிகம். குறியே வைக்காமல் விட்டால், பின்கோடு பகுதியின் ஏதோ ஒரு நடுப்புள்ளியைச் செயலி எடுத்துக்கொள்ளும். அந்த இடம் பெரும்பாலும் வயல்.

அஞ்சல் துறை 2025 மே 27 அன்று டிஜிபின் என்ற முறையை வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 குறி கொண்ட முகவரி. ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. தெருப்பெயரே இல்லாத தோப்புவீட்டுக்கும் வயல்நடு வீட்டுக்கும் இது நல்ல வழி. உங்கள் குறியைக் கண்டுபிடித்து முகவரியின் முடிவில் எழுதி வையுங்கள், ஆனால் அதை நம்பி மதகையும் தண்ணீர்த்தொட்டியையும் நீக்கிவிடாதீர்கள்.

போன் எண்ணைப் பற்றி ஒன்று. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் மகன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு அம்மாவுக்கு ஆர்டர் போடுவது சாதாரணம். சென்னையிலிருந்து போடுகிறவர்களும் ஏராளம். போன் எண் மட்டும் போடுகிறவருடையதாக இருந்துவிடும். ரைடர் அழைப்பது அந்த எண்ணை, ஓடிபி போவதும் அந்த எண்ணுக்கு. வாசலில் அம்மா நிற்க, ‘போன் எடுக்கவில்லை’ என்று பதிவாகும். பெறுகிறவரின் எண்ணையே முகவரியில் கொடுங்கள். பல கடைகள் ரைடருக்கு உங்கள் எண்ணைக் காட்டாமல் ஓர் இடை எண் வழியாக இணைக்கின்றன. அதனால் அழைப்பு வெளிமாநில எண்ணாகத் தெரியலாம். பார்சல் எதிர்பார்க்கும் நாளில் தெரியாத எண்ணைத் தடுக்கும் வசதியை நிறுத்தி வையுங்கள்.

எந்த வண்டியில் வருகிறது

சில பொருள்கள் தாமதமாவதற்கு யாருடைய அலட்சியமும் காரணம் அல்ல. பவர் பேங்க் போலத் தனியாக வரும் லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 முதல் தடை உள்ளது. வடக்கே இருக்கும் கிடங்கிலிருந்து அவை லாரியில்தான் வரும். பெரிய பெட்டிகளுக்கு வேறு கணக்கு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதைக் கன எடை என்பார்கள். 60, 45, 40 அளவுள்ள பெட்டிக்குள் இரண்டு தலையணை மட்டும் இருந்தாலும் கணக்கில் அது 21.6 கிலோ. பைக்கில் வராது, வேனில் வரும். உங்கள் ஊர்ப்பக்கம் வேன் வரும் நாளுக்காக அது காத்திருக்கும்.

ட்ராக்கிங் எண்ணைப் பார்த்தே யார் கொண்டுவருகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், முடிவில் ‘ஐ.என்.’ என்று மொத்தம் 13 குறி இருந்தால் அது அஞ்சல் துறை. ‘இ’யில் தொடங்கினால் ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. கிராமத்துக்கு அஞ்சலில் வருவது நம்பகமானது என்பது என் துணிவான கருத்து. தபால்காரருக்கு ஊரே தெரியும். ஆனால் டவுன் அஞ்சலகத்தில் ‘பெறப்பட்டது’ என்று காட்டிய அன்றே வீட்டுக்கு வந்துவிடாது. அங்கிருந்து பையில் கட்டிக் கிளை அஞ்சலகத்துக்குப் போய், அங்கே பிரித்து, பிறகுதான் தெருவுக்கு வரும். கிளை அஞ்சலகம் நாளில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். ஆளில்லாமல் திரும்பிய பார்சலை வழக்கமாக 7 நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் போய் வாங்கிவிடுங்கள். பிரச்சினை என்றால் 1800 266 6868 கட்டணமில்லா எண்.

மழைக்காலத்தைத் தனியாகக் கணக்கில் வையுங்கள். தீபாவளி நெரிசலும் ஐப்பசி அடைமழையும் ஒன்றாக வருவது நம் பக்கத்தின் நிலை. கிளையில் மலைபோல் லோடு இருக்கும், கிராமச் சாலையில் தண்ணீர் நிற்கும், அட்டைப்பெட்டி ஈரத்தில் ஊறும். பண்டிகைக்கு வேண்டிய துணியை அதற்குப் பதினைந்து நாள் முன்பே கையில் வந்துவிடும்படி ஆர்டர் போடுங்கள். மின்சாதனப் பெட்டி நனைந்து வந்தால் வாங்கும்போதே படம் எடுங்கள். ஈரம் உள்ளே இறங்கியிருக்கும் என்று தோன்றினால் வாங்காமல் திருப்புவதே நல்லது.

வாசலில் நிற்கும்போது

பணம் கொடுத்து வாங்கும் பார்சலானால், முதலில் லேபிளில் உங்கள் பெயரும் தொகையும் விற்பனையாளர் பெயரும் சரியா என்று பாருங்கள். ஆர்டரே போடாத பார்சலுக்கு ‘வீட்டில் யாரோ போட்டிருப்பார்கள்’ என்று பணம் கொடுத்து ஏமாந்த வீடுகள் பல. முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், போனில் கேட்காமல் எந்த சிஓடி பார்சலையும் வாங்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

ஓடிபி கேட்டால், எண்ணைச் சொல்வதற்கு முன் அந்தச் செய்தியை முழுதாகப் படியுங்கள். பொருளைப் பெற்றதற்கான ஓடிபி வேறு, ஆர்டரை ரத்து செய்வதற்கான ஓடிபி வேறு. பார்சல் கைக்கு வராமல், போனிலேயே எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் ‘கொடுத்தாயிற்று’ என்பதற்கு நீங்களே சான்று அளித்ததாக ஆகும்.

பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள், ஆனால் சரியாக எடுங்கள். பாதி திறந்த பெட்டியில் தொடங்கும் வீடியோ செல்லாது. முதலில் லேபிள், ட்ராக்கிங் எண் படிக்கும்படி தெளிவாக. பிறகு பெட்டியின் ஆறு பக்கமும். டேப் எங்காவது இரண்டு அடுக்காக ஒட்டியிருக்கிறதா, வேறு நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் பிரித்து ஒட்டியதன் அடையாளம் அதுதான். அதன்பின் இடையில் நிறுத்தாமல் வெட்டி, பொருளை எடுத்து, வரிசை எண்ணையோ ஐஎம்இஐ எண்ணையோ காட்டுங்கள். விலையுயர்ந்த பொருளானால் பிரிப்பதற்கு முன் மளிகைக்கடைத் தராசில் ஒரு முறை வைத்து அதையும் படத்தில் சேருங்கள். லேபிளில் அச்சிட்ட நிஜ எடைக்கும் தராசின் எடைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், உள்ளே இருந்தது வழியிலேயே போய்விட்டது என்பதற்கு அது வலுவான சான்று. திறந்து காட்டிக் கொடுக்கும் ‘ஓபன் பாக்ஸ்’ வசதி உங்கள் பின்கோடுக்கு இருந்தால் போனுக்கும் டிவிக்கும் அதையே தேர்ந்தெடுங்கள்.

திருப்பி அனுப்புவது கிராமத்தில் வாங்குவதைவிடக் கடினம். சில பின்கோடுகளுக்குப் பொருள் வரும், திருப்பி எடுக்க ஆள் வராது. நீங்களே அஞ்சலில் அனுப்பிவிட்டு ரசீதைக் காட்டிச் செலவைக் கேட்க வேண்டும். ஆர்டர் போடுவதற்கு முன்பே பொருளின் பக்கத்தில் இதைப் பாருங்கள். எடுக்க வருகிறவர் படத்தோடும் வரிசை எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அட்டை, டேக், பெட்டி எது குறைந்தாலும் ‘பிக்கப் தோல்வி’ என்று எழுதிவிடலாம். கெடு முடியும் வரை பெட்டியைப் பரணில் பத்திரமாக வையுங்கள். பொருளைக் கொடுத்த உடனே, அவர் நகரும் முன், ‘எடுத்துக்கொண்டோம்’ என்ற செய்தி உங்கள் போனுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அவர் கையில் பொருளும் லேபிளும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொரியர் பெயரால் வரும் மோசடி பற்றிச் சுருக்கமாக. ‘முகவரி முழுமையாக இல்லை, இணைப்பில் திருத்துங்கள்’ என்று வரும் செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். ‘டெலிவரியை உறுதிசெய்ய இந்த எண்ணை அழுத்துங்கள்’ என்று *21* அல்லது *401* எனத் தொடங்கும் குறியைச் சொன்னால், அது உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பும் குறி. வங்கி ஓடிபி அழைப்பும் அங்கே போய்விடும். தெரியாமல் அழுத்திவிட்டால் ##002# அழுத்தி ரத்து செய்யுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

யாரைக் கேட்பது

நம்மில் பலர் கொரியர் கிளையில் போய்ச் சண்டை போட்டு ஓய்ந்துபோகிறார்கள். உங்களிடம் பணம் வாங்கியது கொரியர் அல்ல, கடை. கொரியரோடு ஒப்பந்தம் உள்ளது அவர்களுக்கு. பொருள் உங்கள் கைக்கு வரும்வரை பதில் சொல்ல வேண்டியதும் அவர்களே. கொரியரிடம் கேளுங்கள் என்று கடை தள்ளிவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையக் கடையின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். சாட்பாட்டோடு மணிக்கணக்கில் பேசுவதை விட்டு, அந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சொன்ன நாளுக்குப் பின் வந்த பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கவோ பணத்தைத் தர மறுக்கவோ கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. 2018 நவம்பரில் வீசிய கஜா போன்ற புயலால் ஏற்படும் தாமதத்துக்கு மட்டும் விலக்கு.

‘கொடுத்தாயிற்று’ என்று காட்டிய பார்சல் வரவில்லையென்றால் மின்னஞ்சலில் இப்படி எழுதினால் போதும்: “இந்தத் தேதியில், இந்த ஆர்டர் எண்ணில், இவ்வளவு தொகை செலுத்தி வாங்கிய பொருள், இந்த ட்ராக்கிங் எண்ணில் இன்ன நேரத்துக்கு ஒப்படைத்ததாகப் பதிவாகியுள்ளது. எனக்கோ என் வீட்டாருக்கோ அது கிடைக்கவில்லை. ஒப்படைத்ததற்கான சான்றை, அதாவது கையெழுத்து, படம், ஓடிபி பதிவான நேரம், இருப்பிடக் குறி ஆகியவற்றை அனுப்புங்கள். சான்று இல்லையெனில் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்.” கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். சான்று கேட்கும் அந்த வரிதான் வேலை செய்யும். கார்டில் பணம் கட்டியிருந்தால், இதே மின்னஞ்சலின் நகலோடு வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி, கேளுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அங்கே தரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளை அனுப்பிய கடை ஹரியானாவில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்துக்கான ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. நீங்களே லாரி சர்வீஸில் புக் செய்து அனுப்பிய சரக்கு தொலைந்தால் அதற்கு வேறு சட்டம். 2007-ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குச் சட்டப்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு இரண்டு ஆண்டு. ஆனால் ட்ராக்கிங் பக்கங்கள் அவ்வளவு நாள் இருக்காது. சில மாதங்களிலேயே ‘விவரம் இல்லை’ என்று காட்டும். பார்சல் சிக்கலில் மாட்டிய அன்றே அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, லேபிள் படம், பணம் கட்டிய ரசீது, அழைப்புப் பட்டியல் ஆகியவற்றோடு உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு நகல் அனுப்பி வையுங்கள்.